தேவகியின் திரையும் கதவடிக் கதையும்

1

எனக்கு வயது எழுபத்தொன்பது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மற்ற இரண்டும் என் தங்கையின் பிள்ளைகள். ஆனால் அடி விழும்போது ஏழு பேருக்கும் ஒரே அளவாகத்தான் விழுந்தது. அதில் நான் ஓரவஞ்சனை செய்ததில்லை. எங்கள் தீவில், மடத்துவெளியில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். நாலாம் வகுப்புக்கு வரவேண்டாம் என்று வாத்தியார் சொல்லவில்லை. காணும், படித்தது போதும் என்று நானே நின்றுவிட்டேன்.

ஊர் வாசிகசாலை மலருக்கு வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதவேண்டும் என்று செயலாளர் தம்பி போன் எடுத்துக் கேட்டார். போனமுறை மலரில் எழுதிய எல்லோரும் பனியைப் பற்றியே எழுதியிருந்தார்கள். வழுக்கி விழுந்தார்களாம், பிறகு எழும்பினார்களாம். "நான் கனடாவுக்கு வந்து ஒருநாளும் விழேல்லை, தம்பி. எனக்கு எழுத ஒண்டுமில்லை" என்றேன். "அப்ப விழாத கதையை எழுதுங்கோ, மணியக்கா" என்றார். கெட்டிக்காரப் பிள்ளை.

அதனால் என் கடைசி மகள் தேவகி தன்னுடைய வேலைக்காக இந்த வீட்டைச் சோதனை மண்டபமாக ஆக்கிய கதையை எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளைத் தம்பி திருத்துவார். ஆறுதலாகத்தான் எழுதுவேன். அவசரப்படுகிறவர்கள் மலரின் பின்பக்கத்தில் விளம்பரங்களைப் பார்க்கலாம்.

2

தேவகி வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். மேலே நல்ல சட்டை, கீழே வீட்டு உடுப்பு. சாப்பாட்டு மேசையில் லப்டொப்பைத் திறந்தால் அதுதான் கந்தோர். நான் குசினியில் தாளிக்கும்போது கடுகு வெடித்தால், எங்கேயோ அமெரிக்காவில் இருக்கிற ஒருவர் திடுக்கிட்டு என்ன சத்தம் என்று கேட்கிறாராம்.

என்ன வேலை என்று பலமுறை கேட்டு இப்படி விளங்கிக்கொண்டேன். ஒரு கடைக்காரர் சனத்தின் போனுக்கு விளம்பரம் அனுப்புகிறார். அதை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள், எத்தனை பேர் பார்க்காமலே அழித்தார்கள், எத்தனை பேர் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தார்கள் என்றெல்லாம் தேவகியின் கொம்பனி எண்ணி, கடைக்காரருக்கு ஒரு திரையில் காட்டும். அந்தத் திரைக்கு டாஷ்போட் என்று பெயர். மருமகனின் காரில் பிள்ளையார் இருக்கிற இடத்துக்கும் அதே பெயர்தான். பிள்ளையார் இருக்கிற இடம் துப்புரவாக இருக்கும். இது அப்படியில்லை.

ஒருநாள் எனக்குக் காட்டினாள். பெட்டிபெட்டியாக இலக்கங்கள். ஏறுகிற கோடு, இறங்குகிற கோடு, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற கோடு. ஒரு மூலையில் உலகப்படம். நடுவிலே ஐந்தாறு நிறத்தில் துண்டு வெட்டிய வட்டம் ஒன்று. அந்த வட்டம் எனக்கு நல்லாய்ப் பிடித்துக்கொண்டது.

"நல்ல வடிவாய் நிறைஞ்சு கிடக்குது, பிள்ளை."

"அதுதான் அம்மா பிரச்சினை. கடைக்காரர் காசு குடுத்து வாங்கினம். திறந்து பாத்தால் தலையிடிக்குது எண்டு நிப்பாட்டிப்போட்டுப் போகினம்."

"அப்ப பாதியை எடுத்து எறியன்."

"எறிய விடமாட்டினம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெரிய ஆள் இருக்கிறார். உலகப்படம் ஒருத்தற்றை. அந்தக் கோடு இன்னொருத்தற்றை. ஆரின்ர பெட்டியை எடுத்தாலும் அவருக்குக் கோவம்."

அது எனக்கு உடனே விளங்கியது. மரண அறிவித்தல் போடுகிற வில்லங்கம்தான். நம் ஆட்களின் அறிவித்தலைப் பார்த்தால், இறந்தவரின் பெயர் மேலே ஓரிடத்தில் கிடக்கும். அதற்குக் கீழே அன்பு மகன், அன்பு மருமகள், மைத்துனர், சகலன், பெறாமகன், பெறாமகனின் மாமனார், லண்டன், சுவிஸ், ஜேர்மனி என்று இறங்கிக்கொண்டே போகும். செத்தது யார் என்று மறுபடியும் மேலே போய்ப் பார்க்கவேண்டும். ஒரு பெயரை விட்டீர்களோ, அந்த வீட்டோடு பேச்சில்லை. என் மைத்துனரின் அறிவித்தலில் ஒரு சகலனை விட்டுப்போட்டோம். அவர் செத்தவீட்டுக்கு வந்தார். ஆனால் முழு நேரமும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அந்தத் திரையைத் திருத்துகிற பொறுப்பைத்தான் தேவகியிடம் கொடுத்திருந்தார்கள். அவள் அப்போது தற்காலிக வேலையில் இருந்தாள். புதுத் திரை பெரியவர்களின் கூட்டத்தில் சரிவந்தால் நிரந்தரம். சரிவராவிட்டால் அடுத்த மாதத்தோடு வேலை முடிந்தது. இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. மருமகன் இரவிக்கு மெல்லிய குரலில் சொன்னாள். என் காதுக்கு வயதாகவில்லை.

3

அவள் முதலில் ஒரு புதுத் திரை கீறினாள். பெட்டிகளைக் குறைக்க விடாதபடியால் ஒவ்வொன்றையும் சின்னதாக்கி நெருக்கி அடுக்கியிருந்தாள். அதைச் சின்னக் கடை வைத்திருக்கிறவர்களிடம் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து எழுதவேண்டுமாம். கொம்பனி கேட்டுப்பார்த்த கடைக்காரர் யாருக்கும் நேரமில்லை.

"அம்மா, உங்கட ஆக்களைக் கூப்பிடுங்கோவன்" என்றாள்.

எங்கள் தீவாரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொழும்பென்ன, கண்டியென்ன, போய் இறங்கின இடத்தில் முதலில் கடைக்கு இடம் பார்த்துவிட்டுப் பிறகு படுக்க இடம் பார்த்த ஆட்கள். இங்கேயும் அப்படித்தான். நான் இரண்டு பேருக்குப் போன் எடுத்தேன்.

ஒருவர் யோசேப்பு அண்ணை. ஊர்காவற்றுறை ஆள், இங்கே மீன்கடை வைத்திருக்கிறார். பரம்பரையாகக் கடல்தொழில் செய்கிற குடும்பம். இவர் மட்டும் வள்ளத்தில் ஏறினால் சத்தி எடுப்பாராம். அதனால் மீனோடு கரையிலேயே பழகிக்கொண்டவர். மற்றது பரமேஸ்வரி, இறுப்பிட்டி ஆள். சீலைக்கடை. நானும் அவளும் சின்ன வயதில் இருந்து பழக்கம். பரமேஸ் என்றுதான் கூப்பிடுவேன்.

இரண்டு பேரிடமும் ஒரே கதையைத்தான் சொன்னேன். "பிள்ளை கொம்பியூட்டரில ஒரு சாமான் செய்திருக்கிறாள். ஒருக்கா வந்து பாத்துச் சொல்லவேணும். அவளின்ர வேலை உதிலதான் கிடக்கு."

கடைசி வசனத்தைச் சொல்லியிருக்கக் கூடாது என்று பிறகு தேவகி சொன்னாள். பிள்ளையின் வேலை இதில் கிடக்கிறது என்று சொன்னால் எங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? சிபாரிசு கேட்கிறேன் என்றுதான் நினைப்பார்கள்.

4

யோசேப்பு அண்ணை கோட் சூட் போட்டுக்கொண்டு வந்தார். கையில் ஒரு பெரிய உறை. அதற்குள்ளே தன்னுடைய படம் இரண்டு, ஞானஸ்நானப் பத்திரத்தின் பிரதி ஒன்று, கடைப் பதிவுக் கடுதாசி.

"இதெல்லாம் என்னத்துக்கு, அங்கிள்?" என்று தேவகி கேட்டாள்.

"கேட்டால் குடுக்கத்தான், பிள்ளை. கந்தோர்க் காரியம். பேந்து அது இல்லை, இது இல்லை எண்டு திருப்பி அனுப்பிப்போடுவினம்."

தேவகியிடமும் ஒரு கடுதாசி இருந்தது. சோதனை செய்யும்போது பார்த்து எழுதவும் குரலைப் பதியவும் சம்மதம் என்று ஒப்பம் வைக்கவேண்டும். அண்ணைக்கு முகம் மாறிப்போனது.

"சண்டைக் காலத்தில ஊருக்குப் போகவர ஆமியிட்டைப் பாஸ் எடுக்க வச்ச ஒப்பமே இந்தச் சென்மத்துக்குக் காணும், தங்கச்சி" என்று என்னிடம் சொன்னார். பிறகு பேனையை வாங்கி, தன் முழுப் பெயரையும் தகப்பனின் முழுப் பெயரையும் எழுதி, கேட்காமலே ஒரு படத்தையும் ஊசி குத்தி வைத்தார்.

வந்தவர்களைத் தேத்தண்ணி கொடுக்காமல் கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்துவது எங்கள் குடும்பத்தில் இல்லாத பழக்கம். வடையும் சுட்டிருந்தேன். எல்லாம் முடிந்து கைகழுவிய பிறகு தேவகி விதிமுறையைச் சொன்னாள்.

"நேற்று விளம்பரத்தைப் பாத்திட்டு எத்தினை பேர் கடைக்கு வந்தவை எண்டு இதில கண்டுபிடிக்கவேணும். நான் உதவி செய்யமாட்டன். மனதில என்ன படுகுதோ, அப்பிடியே வாய்விட்டுச் சொல்லுங்கோ. அம்மா, நீங்கள் ஒரு சத்தமும் போடக்கூடாது."

முதலில் யோசேப்பு அண்ணை. கதிரையில் நிமிர்ந்து இருந்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். திரைக்கு மேலே இருக்கிற சின்னக் கமராவைக் கண்டார். அவ்வளவுதான், அதற்குள்ளே தேவகியின் முதலாளி இருக்கிறார் என்று முடிவெடுத்துவிட்டார்.

"இந்தப் பிள்ளை தங்கமான பிள்ளை" என்று கமராவுக்குச் சத்தமாகச் சொன்னார். "தாய் தகப்பனைத் தெரியும். நல்ல குடும்பம். ஒரு சோலிசுரட்டுக்கும் போகாத பிள்ளை."

"அங்கிள், திரையைப் பாருங்கோ."

"பாத்திட்டன், பிள்ளை. நீர் செய்தால் அதில பிழை வருமே? திறமான வேலை."

"நேற்று எத்தினை பேர்..."

"எல்லாரும் வந்திருக்கினம்" என்றார் அண்ணை. கடைசி வரைக்கும் அவர் ஒரு பொத்தானையும் தொடவில்லை. பிறத்தியார் வீட்டுச் சாமானில் கை வைக்கிற ஆள் இல்லை அவர்.

அடுத்தது பரமேஸ். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனாள்.

"இந்த மாம்பழ மஞ்சளுக்கு ஊதாக் கரை போட்டிருக்கிறது நல்லா எடுக்குது, பிள்ளை. இந்தப் பச்சைதான் கொஞ்சம் வயசுபோன ஆக்களுக்கு."

"எத்தினை பேர் வந்தவை எண்டு தெரியுதோ, அன்ரி?"

"ஓமோம், தெரியுது. பன்னிரண்டு பேர்."

"அதைக் கண்டுபிடிக்கக் கஷ்டமாய் இருந்ததோ?"

"சீச்சீ. கண்ணுக்கு முன்னாலயே கிடக்குது. குழந்தைப் பிள்ளைக்கும் விளங்கும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தேவகியைப் பார்த்தேன். அவள் முகம் வடை மாவைப்போல இருந்தது. பன்னிரண்டு பிழையான விடையாம். ஆனால் பிழை என்று அவள் சொல்லக்கூடாதாம். ஏன் பன்னிரண்டு என்று கேட்டாலும் பரமேஸ், "வடிவாய்த் தெரியுது, பிள்ளை" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டேன் என்றுவிட்டாள். வாயில் என் வடையின் ருசி இருக்கும்போது, என் மகளின் வேலையில் குறை சொல்ல அவளுக்கு எப்படி நாக்கு எழும்பும்?

தேவகி பதிவை நிறுத்தினாள். "நன்றி, அங்கிள். நன்றி, அன்ரி" என்றாள். கூட்டத்துக்குக் கொண்டுபோக அவளிடம் நல்ல குடும்பம் என்கிற சிபாரிசு மட்டும்தான் இருந்தது.

5

இனி ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். என்னைப் பெண்பார்க்க நயினாதீவிலிருந்து வள்ளம் பிடித்து வந்தார்கள். சாப்பிட்டார்கள், புகழ்ந்தார்கள், வீட்டையும் கிணற்றையும் ஆட்டையும் புகழ்ந்தார்கள். ஒரு குறையும் இல்லை. போய்வருகிறோம் என்று எழும்பி வேலி வாசலில் இருந்த படலைக்குப் போன பிறகுதான், மாப்பிள்ளையின் மாமி ஒரு காலைப் படலைக்கு வெளியே வைத்துக்கொண்டு திரும்பினார்.

"அண்ணை, இதைச் சொல்லாமப் போனால் எனக்கு மனம் ஆறாது. பெடியனுக்கு இடக்காது கேளாது."

என்னைப் பெற்ற ஐயா கொஞ்சம் யோசித்தார். "அதுக்கென்ன. எங்கட பிள்ளை கதைக்கிறதில பாதி கேட்டாக் காணும்" என்றார்.

கலியாணம் அந்தப் படலையடியில்தான் நிச்சயமானது. உள்ளே கதைத்ததெல்லாம் வெறும் மரியாதை. நானும் கடைசிவரைக்கும் அவரை ஏசவேண்டியதை இடப்பக்கத்தில் நின்று ஏசினேன், கேட்கவேண்டியதை வலப்பக்கத்தில் நின்று கேட்டேன். எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

கனடாவில் படலை இல்லை. வாசல் கதவுக்குப் பக்கத்தில் சப்பாத்துத் தட்டு இருக்கிறது. பரமேஸ் மாடிப்படியின் கடைசிப் படியில் குந்தி, ஒரு காலுக்குப் பனிச் சப்பாத்தைப் போட்டாள். மற்றச் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"தேவகி, கோவிக்காதை என்ன."

"கோவிக்கமாட்டன், அன்ரி."

"உதில எனக்கு ஒரு சாமானும் விளங்கேல்லை."

தேவகி தான் எழுதிய குறிப்பைப் புரட்டினாள். "பன்னிரண்டு பேர் எண்டு சொன்னீங்கள்?"

"மேல பெரிசாய்ப் பன்னிரண்டு எண்டு கிடந்தது, சொன்னனான்."

"அது இண்டையத் திகதி, அன்ரி!"

"திகதி எனக்கு என்னத்துக்கு, பிள்ளை? திகதி தெரியாமலே நான் கடை திறக்கிறன்? மெய்யாய் எத்தினை பேர் வந்தவை எண்டதை எங்கை ஒளிச்சு வச்சனீ?"

"கீழ, வலப்பக்க மூலையில."

"அங்கை ஆர் போறது!"

யோசேப்பு அண்ணையும் ஒரு கையைக் குளிர் ஜக்கெற்றுக்குள் விட்டபடி நின்றார். "எனக்கும் ஒண்டு கிடக்கு, பிள்ளை. வந்தவையை எல்லாம் காட்டுது, சரி. வழமையாய் வாற ஆக்களில ஆர் வராமல் விட்டவை எண்டு காட்டுமோ?"

"ஏன், அங்கிள்?"

"ஆர் என்னோட கோவம் எண்டு தெரியவேணும். கேட்டால் சொல்லமாட்டினம். மற்றக் கடையில விளைமீன் வாங்கிப்போட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசையில எனக்குப் பக்கத்தில வந்து இருப்பினம்."

தேவகி ஓடிப்போய் மேசையில் லப்டொப்பை மறுபடியும் திறந்துவிட்டு வந்தாள். "உள்ளுக்கு வந்து இதை ஒருக்கா எனக்குக் காட்டுங்கோ" என்று இரண்டு பேரையும் சப்பாத்தைக் கழற்றவைத்து மேசைக்குக் கூட்டிப்போனாள். கதிரையில் இருந்தார்கள். திரையைப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் கிடக்குது, பிள்ளை" என்றாள் பரமேஸ்.

"திறமான வேலை" என்றார் அண்ணை, கமராவைப் பார்த்து.

தேவகி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, எழும்பி, "சரி, அப்ப நீங்கள் வெளிக்கிடுங்கோ" என்றாள். வீட்டுக்கு வந்தவர்களை வெளிக்கிடச் சொல்கிற பிள்ளையாக நான் அவளை வளர்க்கவில்லை. வாயைத் திறக்கப் போனேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். மறுபடியும் சப்பாத்து. மறுபடியும் ஜக்கெற். தேவகி லப்டொப்பைச் சப்பாத்துத் தட்டின்மேல் வைத்துப் பதிவைப் போட்டுவிட்டு, வாசல் கதவையும் அரைவாசி திறந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கொட்டியது பாருங்கள். இந்தக் கோடு என்னத்துக்கு ஏறுது? நூற்றுக்கு இத்தனை என்றால் எந்த நூறு? உலகப்படத்தில் ஆபிரிக்காவைக் காட்டுது, ஆபிரிக்காவில் இருந்து என்னட்டை ஆர் சீலை வாங்க வாறது? ஒரே இலக்கம் இரண்டு இடத்தில் இருக்குது, அதுவும் இரண்டும் இரண்டு மாதிரி. அண்ணை திரையில் விரலாலேயே குத்தத் தொடங்கினார். பரமேஸ் என் வட்டத்தைக் காட்டி, "உது ஆருக்கும் தேவையில்லை" என்றாள்.

"வடிவாய்த்தானே இருக்கு!" என்றேன். சத்தம் போடக்கூடாது என்கிற விதிமுறை எனக்கு மறந்துபோனது.

மாடியிலிருந்து இரவியின் குரல் கேட்டது. "மாமி! கதவைப் பூட்டுங்கோ! சூடு முழுக்க றோட்டுக்குப் போகுது!"

"பூட்டாதேங்கோ!" என்று தேவகி கத்தினாள். "பூட்டினால் உண்மை நிண்டுபோம்!"

உண்மை நிற்கவில்லை. திரையில் இருந்து இறங்கி வீட்டுக்குள் வந்துவிட்டது. "இரவி எப்பவும் உப்பிடித்தான் கத்துறவனோ?" என்று பரமேஸ் கேட்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அக்கா, சொன்னால் என்ன. உங்கட வடைக்கு உப்புக் கூட."

"இண்டைக்கோ?"

"எப்பவும்."

இத்தனை வருசம் என் வடையைத் தின்றவள். நான் என்ன, சும்மா விடுகிற ஆளா? "போன தீபாவளிக்கு உன்னட்டை எடுத்த பச்சைச் சீலை முதல் தோய்ச்சலிலயே சாயம் போயிட்டுது" என்றேன். யோசேப்பு அண்ணை என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். "அண்ணை, நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம்" என்றேன். அவருடைய கடை மீனைப் பற்றி என்னிடமும் ஒன்று இருந்தது. அவருக்கு அது விளங்கியிருக்கவேண்டும்.

அடுத்தநாள் பரமேஸ் வழக்கம்போலப் போன் எடுத்துச் சுகம் விசாரித்தாள். படலையில் கதைத்ததைப் படலையோடு விட்டுவிட வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது தெரியாத மனிதர் நம் தீவில் நெடுநாள் இருக்கமுடியாது.

6

தேவகி திரையை அழித்துவிட்டு மறுபடியும் கீறினாள். திகதியைக் கடுகளவாக்கி ஓரத்தில் வைத்தாள். மேலே மூன்று விசயம் மட்டும், பெரிய எழுத்தில். நேற்று எத்தனை பேர் வந்தார்கள். என்ன வாங்கினார்கள். வழமையாய் வருகிறவர்களில் யார் கொஞ்சக் காலமாக வரவில்லை. மற்றப் பெட்டிகளை ஒன்றையும் எறியவில்லை. அலுமாரிக்குள் வைப்பதுபோல ஒரு பொத்தானுக்குப் பின்னால் அடுக்கி வைத்தாள். தேவைப்படுகிறவர் திறந்து பார்க்கலாம். என் வட்டமும் அதற்குள்தான் போனது. இரண்டு நாள் நான் அவளோடு அவ்வளவாகக் கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த கடைக்காரர்களையும் இப்படியே சோதித்தோம். உள்ளே தேத்தண்ணி மட்டும், திரை கதவடியில். சப்பாத்தைப் போடும் வரைக்கும் ஒரு கேள்வியும் இல்லை. வீடு குளிர்ந்து, இரவி தொப்பியோடுதான் படுத்தான்.

கூட்டமும் வந்தது. தேவகி சாப்பாட்டு மேசையில். நான் குசினியில், அடுப்பை மூட்டாமல், கடுகு டப்பாவைத் திறக்காமல் இருந்தேன். திரையில் பெரிய ஆட்களின் தலைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. அவள் பதிவைப் போட்டுக்காட்டி, ஒவ்வொன்றையும் இங்கிலீசில் விளக்கினாள். பரமேஸின் குரல் என் வீட்டில் இருந்து எங்கெல்லாமோ போனது. நடுவிலே ஜக்கெற்றின் சிப் இழுபடுகிற சத்தமும் இரவி கத்துகிற சத்தமும் எனக்கே கேட்டன.

எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனால் புகழ்கிற முகம் எந்தப் பாசையிலும் ஒரே முகம்தான். எல்லோரும் சிரித்தார்கள், தலையாட்டினார்கள். ஆனால் தேவகியின் தோள் இறங்கிக்கொண்டே போனது. நல்ல வேலை, மிக நல்ல வேலை, ஆனால் என்னுடைய பெட்டி மட்டும் மேலேயே இருக்கட்டும் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்களாம். எல்லாப் பெட்டியும் மேலே வந்தால் பழைய திரைதான். பழைய திரை என்றால் தேவகிக்கு வேலை இல்லை.

முடித்துக்கொண்டு எல்லோரும் கையசைக்கத் தொடங்கினார்கள். பாய், பாய். தேவகியும் கையசைத்தாள். ஆனால் போகவில்லை. ஒன்றும் பேசாமல், சிரித்துக்கொண்டு, கையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். மற்றவர்களும் போக ஒரு மாதிரி இருந்ததோ என்னவோ, அவர்களும் ஆட்டிக்கொண்டே நின்றார்கள். அப்போது ஒரு மொட்டைத்தலை மனிதர் கையசைப்பதை நிறுத்திவிட்டு ஏதோ சொன்னார். உலகப்படத்தின் சொந்தக்காரராம். உண்மையைச் சொன்னால் அந்தப் படத்தைத் தானும் பார்ப்பதில்லை என்றாராம். உடனே ஒரு பெண், தன்னுடைய கோடு எதைக் காட்டுகிறது என்று தனக்கே மறந்துவிட்டது என்றாளாம். பிறகு ஒருவர் பின் ஒருவராக. கூட்டத்தைவிட அந்தக் கையசைப்புத்தான் நீண்டது. வெள்ளைக்காரருக்கும் படலை இருக்கிறது. கூட்டத்தை விட்டு வெளியே போக அமத்துகிற சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் அது கிடக்கிறது.

தேவகி லப்டொப்பை மூடிவிட்டுக் குசினிக்குள் வந்தாள். என் சீலைத் தலைப்பைப் பிடித்து மூக்கைத் துடைத்தாள், சின்ன வயதில் செய்ததுபோல.

"அம்மா, அப்பிடியே எடுக்கினமாம். என்னை நிரந்தரமாக்கினமாம்."

"எனக்குத் தெரியும்" என்றேன். தெரியாது. அப்படிச் சொல்லுவது என் பழக்கம்.

பிறகு அடுப்பை மூட்டி, கடுகை அள்ளிப் போட்டுத் தாளித்தேன்.

7

இதை எழுதி முடிக்கக் கனநாள் எடுத்துவிட்டது. தம்பிக்கு அனுப்புமுன் ஒருமுறை காதால் கேட்டுப்பார்க்க வேண்டும். தேவகியின் மகள் அபி சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள், முள்ளில் நடப்பதுபோல. இங்கே பிறந்த பிள்ளை. என்னோடு அவள் கதைக்கிற தமிழ் வரவரக் குறைந்து, இப்போது ஒரு வசனத்தில் வந்து நிற்கிறது. நான் என்ன காட்டினாலும், போனில் இருந்து கண்ணை எடுக்காமல், "நல்லாயிருக்கு, அம்மம்மா" என்பாள். சமையலும் நல்லாயிருக்கு, சீலையும் நல்லாயிருக்கு, எனக்கு முழங்கால் நோ என்றாலும் நல்லாயிருக்கு. இந்தக் கடுதாசிகளை நீட்டினேன். முதல் பக்கத்தைக்கூடத் திருப்பாமல் அதையேதான் சொன்னாள்.

"அபி, இஞ்சை வா, பிள்ளை. இதை முதலில இருந்து கடைசி மட்டும் எனக்கு வாசிச்சுக் காட்டவேணும். இஞ்சை இருந்தில்லை. போய்ச் சப்பாத்தைப் போடு. ஜக்கெற்றையும் போடு. கதவடியில நிண்டு வாசி."